உடை மாற்றும் அறையில் அத்துமீறல் நடந்தால்: முதல் பத்து நிமிடமும், புகார் மனுவில் எழுத வேண்டிய வரிகளும்

என் சித்தி மகள் நீச்சல் பழகப் போன இடத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில், அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆள் ஜிப்பைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றான். அவள் கத்தினாள், நாலு பேர் கூடினார்கள், ஸ்டேஷனுக்கும் போனாள். அங்கே ரைட்டர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக் கொடுத்த மனுவில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மேற்படி நபர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்." அது பெட்டி கேஸ் ஆனது, அவன் அபராதம் கட்டினான், இரண்டே நாளில் அதே குளத்தில் வேலைக்கு நின்றான். வக்கீலிடம் போனபோதுதான் தெரிந்தது, ஒரே செயலுக்கு ஒருமுறை தண்டனை வாங்கியவனை அதே செயலுக்காக வேறு பிரிவில் மறுபடி விசாரிப்பது லேசில் நடக்காது என்று (போலீஸ் விசாரணையும் வழக்கும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பி.என்.எஸ்.எஸ். என்ற சட்டத்தின் 337-வது பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கும்). அன்று அவள் எழுதிய அந்த ஒரு வரி எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு சில பெண்களோடு ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போயிருக்கிறேன், மனு எழுத உதவியிருக்கிறேன்.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது தெரிந்தால்தான் மனுவில் என்ன எழுத வேண்டும் என்பது புரியும்.

நம் நாட்டில் வயது வந்த ஒருவர் முன்னால் இன்னொருவர் உறுப்பைக் காட்டுவதற்கென்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா (சுருக்கமாக பி.என்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது, அதிலும் இந்த நிலைமை மாறவில்லை. இருப்பவை இரண்டு வழி. ஒன்று 296-வது பிரிவு: பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக ஆபாசச் செயல் செய்வது. அதிகபட்சம் 3 மாதம் சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். இன்னொன்று 79-வது பிரிவு: ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவள் பார்க்க வேண்டும் என்றே ஒரு சைகை செய்வது, ஒரு பொருளைக் காட்டுவது, அல்லது அவளுடைய அந்தரங்கத்துக்குள் அத்துமீறி நுழைவது. இதற்கு 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பழைய சட்டத்தில் 509 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான் இது. கூடவே ஆபாசமாக ஏதாவது பேசியிருந்தாலோ, தொட்டிருந்தாலோ, போனில் ஆபாசப் படத்தைக் காட்டியிருந்தாலோ 75-வது பிரிவும் சேரும்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். 79-ல் முக்கியமான சொல் நோக்கம். அவள் பார்க்க வேண்டும் என்று செய்தானா, தற்செயலாக நடந்ததா? பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது "ஒன்னுக்குப் போயிட்டிருந்தேன், அவங்கதான் வந்துட்டாங்க" என்பதுதான். உங்கள் மனுவில் அவன் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றானா, உங்களைக் கூப்பிட்டானா, நீங்கள் திரும்பிய பிறகும் நிறுத்தாமல் நின்றானா, எவ்வளவு நேரம் நின்றான் என்பதெல்லாம் இல்லாவிட்டால் அந்தச் சாக்கு அப்படியே எடுபட்டுவிடும். "தகாத முறையில்" என்ற சொல்லுக்குள் இது எதுவுமே இல்லை.

குழந்தை என்றால் கதை வேறு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவு, பாலியல் நோக்கத்தோடு குழந்தை பார்க்கும்படி உடலின் பாகத்தைக் காட்டுவதை வெளிப்படையாகவே குற்றம் என்கிறது. 18 வயதுக்குக் கீழே ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இது பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை. இன்னொரு பெரிய வித்தியாசம், இதில் கெட்ட நோக்கம் இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டே தொடங்கும், இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. அதனால் பாதிக்கப்பட்டது 17 வயதுப் பெண் என்றால் அந்த வயது மனுவின் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும், பிறப்புச் சான்றிதழ் நகலையோ பள்ளிச் சான்றிதழ் நகலையோ கையோடு கொண்டு போங்கள்.

ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 77-வது பிரிவு. ஜவுளிக்கடை டிரையல் ரூம், ஜிம், குளம், கோயில் தீர்த்தக்கரை அறை, அருவிக்கரை அறை எல்லாம் இதற்குள் வரும், ஏனென்றால் அந்தரங்கம் இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடமா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. உள்ளாடையோடு இருந்திருந்தாலும் சரி, கழிப்பறையில் இருந்திருந்தாலும் சரி, பொருந்தும். படம் எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பார்த்தாலே போதும். முதல் முறை 1 முதல் 3 ஆண்டு, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு. பழைய சட்டத்தில் ஆண் செய்தால்தான் குற்றம் என்று இருந்தது, இப்போது யார் செய்தாலும் குற்றம். கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணே போனை வைத்து எடுத்திருந்தாலும் தப்ப முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால்தான் இந்தப் பிரிவு. ஆண்களுக்கு என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, நடக்கும்போது என்ன செய்வது?

முதலில் உங்கள் உடம்பை மூடிக்கொண்டு ஆட்கள் இருக்கும் பக்கம் வாருங்கள். அவனைத் தனியாகத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். வெளியே வந்ததும் சத்தமாகச் சொல்லுங்கள், "இவன் பெண்கள் ரூம்ல எட்டிப் பார்த்தான்" என்று நேராக. அப்போது கேட்டவர்கள்தான் பின்னால் சாட்சி. அவர்களில் இரண்டு பேருடைய பெயரும் நம்பரும் உடனே வாங்கிக்கொள்ளுங்கள், கூட்டம் அஞ்சு நிமிடத்தில் கலைந்துவிடும். பிறகு 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. ரயில் நிலையம் என்றால் 139. குழந்தை என்றால் 1098. அழைத்த நேரம் உங்கள் போனில் பதிவாகிவிடும், "உடனே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அவன் கையில் போன் இருந்தால் ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். கோபத்தில் கூட இருப்பவர்கள் போனைப் பிடுங்கி, "அழிடா" என்று அவனையே அழிக்கச் சொல்வார்கள். பலமுறை பார்த்துவிட்டேன். அழித்தால் உங்கள் ஆதாரம்தான் போகிறது, அவனிடம் கிளவுடில் ஒரு நகல் இருந்தால் அது அப்படியே இருக்கும். போலீஸ் வரும்வரை அவனை போனைத் தொடவிடாமல் கடை ஆட்கள் பார்த்துக்கொண்டால் போதும். யாரும் அதைத் திறக்க வேண்டாம், அந்த வீடியோவைத் தன் போனுக்கு "ஆதாரத்துக்காக" அனுப்பிக்கொள்ளவே கூடாது, அதுவே இன்னொரு குற்றமாகிவிடும். அடி உதையும் வேண்டாம். எதிர்ப்புகார் கொடுக்க அவனுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

சுவரில் ஒட்டியோ கொக்கிக்குள் மறைத்தோ வைத்த கேமரா என்றால் அதைக் கழற்றாதீர்கள். அதன் மேல் கைரேகை இருக்கும், உள்ளே மெமரி கார்டு இருக்கும். கேமரா பக்கம் ஒரு துணியைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டு, உங்கள் போனில் அறையின் வாசலில் இருந்து கேமரா இருக்கும் இடம் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அறை எண், கடையின் போர்டு, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரட்டும். பிறகு அந்த அறையை யாரும் பயன்படுத்தாமல் வாசலில் ஓர் ஆளை நிற்க வையுங்கள். போலீஸ் வந்து கைப்பற்றும்போது அதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு சொல்கிறது, எடுக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

இது எங்கோ நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில், கடலில் நீராடிவிட்டு வரும் பெண்கள் ஈரத்துணி மாற்றும் ஒரு தனியார் அறையில் மறைகேமரா இருந்ததை ஒரு பெண் பக்தர்தான் கண்டுபிடித்தார். அவர் சும்மா போயிருந்தால் இன்னும் எத்தனை பேர்? 2015-ல் கோவாவில் ஒரு துணிக்கடையில் டிரையல் ரூம் பக்கம் பார்த்தபடி இருந்த கேமராவைக் கவனித்துப் புகார் செய்தவர் அப்போது ஒன்றிய அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானி. அமைச்சருக்கே இந்த நிலைமை.

உள்ளே போகும்போது என்ன பார்ப்பது என்றும் கேட்பார்கள். கண்ணாடியில் விரலை வைத்து இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வாட்ஸ்அப் வீடியோவை நம்பி இருக்காதீர்கள், கண்ணாடியின் பூச்சு முன்பக்கமா பின்பக்கமா என்பதைத்தான் அது காட்டும், பின்னால் ஆள் இருக்கிறாரா என்று காட்டாது. அந்த மாதிரிக் கண்ணாடி வேலை செய்வதே இந்தப் பக்கம் வெளிச்சமும் அந்தப் பக்கம் இருட்டும் இருப்பதால்தான். போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, பக்கத்தில் இரண்டு கையையும் கண்ணைச் சுற்றிக் குவித்துக்கொண்டு பாருங்கள், பின்னால் இடம் இருந்தால் தெரிந்துவிடும். அறையில் விளக்கை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு டார்ச்சை மெதுவாகச் சுவர் முழுக்க ஓட்டினால் லென்ஸ் புள்ளியாக மின்னும். துணி மாட்டும் கொக்கி, தேவையில்லாத இடத்தில் இருக்கும் சார்ஜர், புகை கண்டுபிடிக்கும் கருவி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, இவற்றை முதலில் பாருங்கள். வைஃபையில் தேடும் ஆப்கள் மெமரி கார்டில் மட்டும் பதிவாகும் கேமராவைக் காட்டாது. ஆனால் நான் துணைக்குப் போன சம்பவங்களில் பாதிக்கு மேல் ரகசியக் கருவி எதுவும் இல்லை, பக்கத்து அறையில் இருந்து தடுப்புக்கு மேலேயோ கீழே உள்ள சந்திலேயோ நீட்டிய சாதாரண போன்தான். தடுப்பு கூரைவரை போகிறதா, கீழே எவ்வளவு சந்து, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சரியில்லையென்றால் துணியை வாங்காமல் வெளியே வந்து மேனேஜரிடம் சொல்லுங்கள்.

இனி மனு. எழுத்துக்கூலி வாங்கி எழுதுபவரிடம் போகாமல் நீங்களே எழுதுங்கள், பேச்சுத் தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. வெட்கத்தால் மூடி மறைத்து எழுதும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு உதவும். என் சித்தி மகளுடைய மனு இப்படி இருந்திருக்க வேண்டும்:

"நான், வயது 22, 14-ஆம் தேதி மாலை சுமார் 5.40 மணிக்கு பெண்களுக்கான நேரத்தில் பெண்கள் உடை மாற்றும் அறையில் இருந்தேன். வாசலில் 'பெண்கள் மட்டும்' என்ற பலகை உள்ளது. அங்கு வேலை செய்யும் நபர் கதவைத் தள்ளித் திறந்து, என்னை 'ஏய்' என்று கூப்பிட்டு, நான் திரும்பியதும் தன் பேன்ட் ஜிப்பைத் திறந்து ஆணுறுப்பை வெளியே எடுத்து, என்னைப் பார்த்தபடியே கையால் அசைத்தார். நான் 'வெளியே போ' என்று கத்திய பிறகும் சுமார் அரை நிமிடம் அப்படியே நின்றார். நான் அப்போது ஈர உடையில், துண்டு மட்டும் போர்த்தியிருந்தேன். வெளியே வந்து சத்தமிட்டபோது அங்கிருந்த இருவர் கேட்டனர். அவர்கள் விவரம் கீழே. வாசலுக்கு எதிரே நடைபாதையில் சிசிடிவி உள்ளது. அந்தப் பதிவை உடனே கைப்பற்ற வேண்டுகிறேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. பலகை இருந்ததால் அவன் தெரிந்தே நுழைந்தான் என்பது வருகிறது, அத்துமீறி நுழைந்ததற்கான 329-வது பிரிவையும் கேட்கலாம். கூப்பிட்டதும், பார்த்தபடியே செய்ததும், நிறுத்தாமல் நின்றதும் நோக்கத்தைக் காட்டுகின்றன. துண்டு மட்டும் இருந்த நிலையில் கதவைத் திறந்தது அந்தரங்கத்தில் நுழைவது. பிரிவு எண்களைக் கடைசியில் "79, 329 மற்றும் பொருந்தும் பிற பிரிவுகளின் கீழ்" என்று போடலாம், போடாமலும் விடலாம், எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது போலீஸ் வேலை. நடந்ததைத்தான் நீங்கள் விடாமல் எழுத வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள், நிறம் ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

சிசிடிவி பற்றி அதே நாளில் கடைக்கு அல்லது நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கடிதமோ இமெயிலோ அனுப்பி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும், சில இடங்களில் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

எந்த ஸ்டேஷன் என்ற குழப்பம் வேண்டாம். சுற்றுலா போன இடத்தில் நடந்தாலும் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்களே மாற்றிவிட வேண்டும். 74 முதல் 79 வரையிலான பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், ஆண் ரைட்டர் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பக்கத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருந்தால் அங்கே போங்கள். பிறகு வாக்குமூலத்துக்கென்று உங்களை ஸ்டேஷனுக்கு அலையவிடவும் கூடாது, பெண்களை அவர்கள் வீட்டிலேயே விசாரிக்க வேண்டும்.

அங்கே சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான், அது வழக்கு இல்லை. 77, 79 இரண்டுமே வாரண்ட் இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள், இவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று ஒரு வழி இருக்கிறது, அதைச் சொன்னால் "எந்தத் தேதியில் அனுமதி வாங்கினீர்கள்" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் இழுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அல்லது கமிஷனருக்கு அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் வராதீர்கள். சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தையது என்றால் பழைய சட்டப் பிரிவுகள்தான் வரும், 354சி, 509.

ஒன்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதல் முறை செய்தவன் என்றால் 77 ஜாமீனில் விடக்கூடிய குற்றம், 79-ம் அப்படித்தான். அன்றைக்கே அவன் வெளியே வரலாம். அதைப் பார்த்து வழக்கு செத்துவிட்டது என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வழக்கு அப்படியே இருக்கிறது.

வீடியோ வெளியே போயிருக்கலாம் என்ற பயம் இருந்தால் 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று உள்ள பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். லிங்க், கணக்கின் பெயர், தேதி நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். உடலின் அந்தரங்கப் பகுதி தெரியும் படத்தைப் பாதிக்கப்பட்டவரே கேட்டால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் கொண்டுவரப்பட்டன, 2026 பிப்ரவரியில் அந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. படம் உங்கள் கையில் இருந்தால் ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவச சேவையும் இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்பாமல் அதன் எண்முறை அடையாளத்தை மட்டும் கொடுத்து, சேர்ந்திருக்கும் தளங்களில் அது ஏறாமல் தடுக்கும்.

ஆண்களுக்கு: உங்களை ஜிம் அறையில் யாராவது படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு, 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. 18-க்குக் கீழ் பையன் என்றால் போக்சோ. அங்கே இன்னொரு விஷயம், குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே குற்றம். தன் கீழ் வேலை பார்ப்பவன் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "எங்க ஆளை நாங்க கண்டிச்சுக்கிறோம், கடைப் பேரு கெட்டுடும்" என்று மேனேஜர் சமாதானம் பேச வந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். செய்தது ஊழியர் என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், வாடிக்கையாளராக வந்த பெண்ணும் அங்கே 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். போலீஸ் வழக்கோடு சேர்த்தே இதையும் செய்யலாம், அவனுடைய வேலையைப் பற்றி முடிவெடுக்க வைப்பது இந்த வழிதான்.

பெண்கள் அறைக்குள் ஒருவர் நுழைந்தாலே குற்றமா என்று கேட்கிறார்கள். ரயில்வேயில் ஆம், 1989 ரயில்வே சட்டம் 162-வது பிரிவு, பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டிக்கு மட்டுமல்லாமல் அறைக்கும் பொருந்தும், தெரிந்தே நுழையும் ஆணுக்கு அபராதம், வெளியேற்றவும் செய்யலாம். மற்ற இடங்களில் நுழைந்தது மட்டும் போதாது, எதற்காக நுழைந்தான், உள்ளே என்ன செய்தான் என்பதைத்தான் சட்டம் கேட்கும். இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு திருநங்கை பெண்கள் அறைக்கு வந்து தன்பாட்டுக்குத் துணி மாற்றிக்கொண்டு போனால் அது எந்தப் பிரிவிலும் குற்றம் இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் அடையாளத்தை அங்கீகரித்தது, பொது வசதிகளில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அவர்களுடைய உரிமைக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. சங்கடமாக இருக்கிறது என்பதற்காக புகார் எழுதினால் அதில் எழுத ஒரு செயலும் இருக்காது. அதே சமயம் யார் செய்தாலும், அவர் யாராக இருந்தாலும், வேண்டுமென்றே காட்டுவதும் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம்தான். பொதுக்கூடமாக இருக்கும் உடை மாற்றும் அறைகளைத் தாழ்ப்பாளுள்ள தனித்தனி அறைகளாகத் தடுத்துக் கட்டினால் இந்தத் தகராறுக்கே வேலை இருக்காது, பெண் பிள்ளையைக் கூட்டி வரும் அப்பாவுக்கும் அதுதான் வசதி. நகராட்சிக் குளமோ தனியார் குளமோ, இதைக் கேட்டு மனு கொடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை, வரவில்லையென்றால் நீங்களே எழுதிக் கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க அழைப்பு வந்தால் உங்கள் மனுவின் நகலை முந்தின நாள் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போன் எண் 15100.